சீனப் பீங்கானில் உள்ள படத்தை வாசிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்து மலாயா பென்சனியர் (மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள்) வீடுகளில் கண்ணாடி அலுமாரி இருந்தால் மேல்தட்டைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சீனப் பீங்கான் சாமான் ஏதும் அங்கே இருக்கக்கூடும். சாம்பல் தட்டு என்று நினைத்து ஒதுக்கியிருப்பார்கள். சீனப் படிப்பாளியின் எழுதுமேசையில் இருந்த சாமானாக அது இருக்கலாம்.

முதலில் அது செய்த வேலையைக் கண்டுபிடியுங்கள். சீன மை கட்டியாக வரும். சந்தனம் அரைப்பதுபோல் கல்லில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டு உரைக்க வேண்டும். இரண்டு சிறு துளைகளோடு தவளை இருந்தால் அது தண்ணீர் சொட்டவிடும் சாமான்: மேல்துளையை விரலால் அடைத்தால் நீர் நிற்கும், எடுத்தால் சொட்டும். தாழ்ந்த கிண்ணம் தூரிகை கழுவ. நடுச்சிகரம் உயர்ந்த ஐந்து சிகர மலை, தூரிகை சாத்த.

பிறகு படம். என் அம்மப்பா மலாயாவின் ஈப்போவிலிருந்து கொண்டுவந்த கழுவு கிண்ணம் பாதி பீச் பழ வடிவம். காம்பு விளிம்பில் வளைந்து, அடியில் கிளைத்து இலைகளாகிக் கிண்ணத்தைத் தாங்குகிறது. இலையோரம் ஒரு வௌவால். அம்மம்மா அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைப்பா. வௌவால் அடைந்த வீடு பாழ் வீடு என்பது எங்கள் ஊர் எண்ணம். சீனத்திலோ வௌவாலும் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ'. பீச் என்றால் நீண்ட ஆயுள். அந்தக் கிண்ணமே ஒரு வாழ்த்து! வௌவால் ஐந்து இருந்தால் ஐந்து பேறுகள்: ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் விருப்பு, நிம்மதியான சாவு.

ஆகவே, எங்கள் சகுனத்தை விட்டுவிட்டுச் சீன ஒலியைக் கேளுங்கள். கொக்கு 'லூ', பாதையும் 'லூ'. தாமரை 'லியன்', தொடர்ச்சியும் 'லியன்'. இரண்டும் சேர்ந்தால், அடுத்தடுத்துச் சோதனை பாஸாகட்டும் என்று பொருள். அரச உத்தியோகச் சோதனை 1905இல் நிறுத்தப்படும்வரை படித்தவன் வாழ்வே அதில்தான் இருந்தது; யாழ்ப்பாணத்தில் இதை விளக்கவா வேண்டும்? ஆற்றிலுள்ள 'டிராகன் வாசலை'த் தாண்டி டிராகனாகும் கெண்டை மீனும் சோதனையைத்தான் சொல்கிறது, ஆனால் அது ஒலியால் அல்ல, கதையால் வந்தது. தனித் தாமரை, சேற்றில் முளைத்தும் மாசுபடாத நேர்மை; 11ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் ஜோ துன்யி அப்படிப் புகழ்ந்து எழுதினார்.

அடியில் அரசர் பெயர் இருந்தால் உடனே காலம் சொல்லாதீர்கள். காங்சி அரசர் காலத்து (1662–1722) வினைஞர்களே, இருநூறு ஆண்டு முந்திய செங்குவா அரசர் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டாம். மெருகின்மேல் தீட்டிய நிறமும் பொன்கோடும் போய்விடும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய துணியும் காணும்.