வெறும் வயிறு வேறு, வெறும் குடல் வேறு

கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி இரைப்பையையும் குடலையும் பார்க்கும் எண்டோஸ்கோபிப் பிரிவில் புதிதாக வந்து சேரும் செவிலியர்களையும் டெக்னீஷியன்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் சேர்ந்த காலத்தில் என்னென்ன தவறுகள் செய்தோமோ, அவற்றையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். திரையில் படம் துல்லியமாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருளும் வந்துவிட்டது. தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவது, பழைய ரிப்போர்ட்டை மறந்துவிட்டு வருவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவற்றை வரவேற்பு மேசையிலேயே பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் உள்ளே வந்துவிடும் தவறுகளைத்தான் சொல்கிறேன். பரிசோதனைக்கு நாள் குறித்திருப்பவர்களும் படிக்கலாம். அவர்களுக்குச் சொல்லாமல் விடுவதுதான் இவற்றில் பாதி.

“வெறும் வயிற்றில் வாருங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனைக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். திட உணவு சுமார் 4 மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். நெய்யும் எண்ணெயும் மிகுந்த விருந்து என்றால் கூடுதல் நேரம் பிடிக்கும். இரவு சாப்பிட்டவர் காலையில் வந்து படுத்தால், பெரும்பாலும் இரைப்பை காலியாகத்தான் இருக்கும்.

பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு இந்தக் கணக்கு உதவாது. இரைப்பையிலிருந்து இறங்கியது சிறுகுடலைக் கடக்க மேலும் 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலைக் கடக்க ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அங்கே அவசரமே கிடையாது. வருவதைத் தேக்கி, தண்ணீரை உறிஞ்சி, கெட்டிப்படுத்துவதுதான் அதன் வேலை. முந்தாநாள் சாப்பிட்ட முருங்கைக்கீரை, ஒரு வேளை பட்டினி கிடந்ததற்காக இடத்தைக் காலி செய்துவிடாது.

பட்டினி கிடந்தாலும் குடல் சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், சிறுகுடலின் சுரப்பு என்று உடம்பே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 லிட்டரைக் குடலுக்குள் விடுகிறது. நாம் குடிப்பதும் சேர்ந்தால் சுமார் 9 லிட்டர். சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குப் பெருங்குடலிடம் தள்ளிவிடுகிறது. அது வந்து விழும் இடம் வலது அடிவயிற்றில் இருக்கும் சீக்கம். பெருங்குடலின் தொடக்கப் பகுதி. மாலையில் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவிவிட்டாலும், இரவெல்லாம் பித்தநீரும் சளியும் அங்கே வந்து படிந்துகொண்டே இருக்கும். மருந்தை இரண்டாகப் பிரித்து, பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பும் குடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

மலத்தில் மறைந்திருந்த இரத்தம் தெரிந்ததால் அனுப்பப்பட்ட பெரியவர் ஒருவர், வெளியூரிலிருந்து இரவு பஸ்ஸில் மகளோடு வந்தார். மாலை டோஸைக் குடித்துவிட்டார். விடியற்காலை டோஸ் பையில் பாட்டிலோடு அப்படியே இருந்தது. ஓடும் பஸ்ஸில் அதைக் குடித்துவிட்டு அவர் எங்கே போய் இறங்குவார்? புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர், “நன்றாகப் போயிற்றா, ஐயா?” என்று கேட்டார். “நன்றாகப் போயிற்று, அம்மா” என்றார் அவர். படிவத்தில் டிக் விழுந்தது. மயக்க மருந்தும் ஏறியது.

இடது பக்கம் பரவாயில்லை. குறுக்குக்குடலைத் தாண்டியதும் சுவரே தெரியவில்லை. பழுப்பு நிறக் குழம்பாகக் கிடந்தது. தண்ணீர் பீய்ச்சுவதும் உறிஞ்சுவதுமாகப் போராடினோம். உறிஞ்சும் பாதையின் விட்டம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் கொய்யா விதைகள் போய் அடைத்துக்கொண்டன. குழாயை வெளியே எடுத்து, அடைப்பை நீக்கி, மறுபடியும் செலுத்தினோம். கடைசியில் மருத்துவர் கையை விரித்துவிட்டார். எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்று அவரை அனுப்பினார்களோ, அந்தப் பக்கம் பார்க்கப்படவே இல்லை.

மீண்டும் ஒரு நாள் பட்டினி, மருந்து, மயக்கம், கட்டணம், பஸ் செலவு; மகளுக்கு மறுபடியும் சம்பளமில்லாத விடுப்பு. பெரியவர் என்னைப் பார்த்து, “நான்தான் சரியாகச் செய்யவில்லையா, அம்மா?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது அவர் மீதல்ல. நாள் கொடுத்தவர், “எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தொலைவிலிருந்து வருபவருக்குப் பிற்பகல் நேரம் கொடுக்கலாம். இல்லையென்றால் முதல் நாளே வந்து, கழிப்பறையுள்ள அறையெடுத்துத் தங்கச் சொல்லலாம். மூன்று நாள் முன்பிருந்தே கொய்யா, தக்காளி, கத்தரிக்காய், கீரை, சிறுதானியம் ஆகியவற்றை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சோறும் மோரும் இட்லியும் இருக்கின்றன. யாரும் பட்டினியால் வாடிப்போக மாட்டார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: “போயிற்றா?” என்று கேட்காதீர்கள். கூச்சத்தில் யாரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். “கடைசியாகப் போனது என்ன நிறம்? அடியில் ஏதாவது தங்கியதா?” என்று கேளுங்கள். சிறுநீரைப் போலத் தெளிந்த மஞ்சள் என்றால் உள்ளே அழைத்துப் போகலாம். கலங்கலாக இருந்தது, துணுக்குகள் இருந்தன என்றால், மயக்க மருந்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மேலும் மருந்து கொடுத்துச் சில மணி நேரம் காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. குடல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மதிப்பிடும் பாஸ்டன் அளவுகோலில் வலது, குறுக்கு, இடது என்று மூன்று பகுதிகளுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 வேண்டும். இடது பக்கம் 3 வாங்கியதை வைத்து வலது பக்கத்தை ஈடுகட்ட முடியாது.

“செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, கண்டுபிடித்துவிடாதா?” என்று ஒரு டெக்னீஷியன் கேட்டார். கொலோனோஸ்கோபியில் பாலிப்புகளை, அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகளை, சுட்டிக்காட்டும் இத்தகைய முதல் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021ல் அனுமதி கொடுத்தது. அது லென்ஸ் பார்ப்பதைத்தான் பார்க்கும். வலது பக்கத்தில் சுவரோடு சுவராகத் தட்டையாக வளரும் சில பாலிப்புகளின் மேல் சளிப்படலம் வேறு மூடியிருக்கும். அதன் மேல் மலமும் கிடந்தால் எந்த மென்பொருள் கட்டம் போடும்?

மருந்தைக் குடிக்கச் சுலபமாக்குவது

2 லிட்டரில் கரைக்க வேண்டிய பேதி மருந்துப் பொடியை ஒரு லிட்டரில் கரைத்துவிடுவார்கள். பாலிஎதிலீன் கிளைகால் என்ற அந்தப் பொருளைக் குடல் உறிஞ்சாது. தன்னோடு இருக்கும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்படியே வெளியேறும். உப்புகளின் அளவும் அந்தத் தண்ணீருக்கு ஏற்றபடி கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டது. தண்ணீரைக் குறைத்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

ருசிக்காகச் சர்க்கரை சேர்க்கவும் வேண்டாம். உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ச்சேரும் சர்க்கரை வகைகளை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, எரியக்கூடிய வாயுக்களை உண்டாக்கும். மானிடால் என்ற அத்தகைய இனிப்புப் பொருளைக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்த காலத்தில், பாலிப்பை மின்சாரத்தால் வெட்டும்போது குடலுக்குள் வெடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிதுதான். இருந்தாலும் வெடித்தது. ருசிதான் பிரச்சினை என்றால் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டுக் குடியுங்கள்.

பீட்ரூட், மாதுளை, சிவப்பு ஜெல்லி

உள்ளே இரத்தம்போலத் தெரியும். வேண்டாம்.

அசிடிட்டி மாத்திரையோடு மூச்சுப் பரிசோதனைக்கு வருவது

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பை அமிலத்தில் பிழைத்திருக்க யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிக்கொள்கிறது. அப்போது கரியமில வாயுவும் வெளிவரும். அடையாளமிட்ட கார்பன் அடங்கிய யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அந்தக் கார்பன் மூச்சில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகள் இந்தப் பாக்டீரியாவை ஒடுக்கிவைக்கும், ஒழித்துவிடாது. அவற்றை விழுங்கிக்கொண்டே வந்து ஊதினால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும்.

மருத்துவரிடம் கேட்டு, இவற்றை 2 வாரத்துக்கு முன்பும் ஆன்டிபயாடிக்கை 4 வாரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், “மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். காலையில் காபிக்கு முன் போடும் கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

1984ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த கிருமியை ஒரு கேஸ் மாத்திரையால் நாம் தவறவிடுகிறோம்.

இரும்புச்சத்து மாத்திரை

மலத்தைக் கறுப்பாக்கிப் பிசுபிசுப்பாகக் குடல்சுவரில் ஒட்டவைக்கும். மருத்துவரிடம் கேட்டு, கொலோனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து

நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடுவதைச் சொல்லாமலும் இருக்காதீர்கள்.

கேப்ஸ்யூல் கேமராவை மாயக் குளிகை என்று நம்புவது

குழாய் வேண்டாம், விழுங்கினால் உள்ளே படமெடுத்துக்கொண்டே போகும் கேப்ஸ்யூலே போதும் என்று கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். காவ்ரியேல் இட்டான் என்ற இஸ்ரேலியப் பொறியாளரின் யோசனையில் பிறந்து, 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவி அது. அப்போதைய கேப்ஸ்யூல் 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். நொடிக்கு 2 படம் வீதம் சுமார் 8 மணி நேரம் எடுக்கும். குழாய் எட்டாத சிறுகுடலுக்கு அதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் குடலின் அலையசைவு தள்ளுகிற பக்கம்தான் அது போகும். திரும்பிப் பார்க்காது, கழுவாது, சதைத் துணுக்கும் எடுக்காது.

குடல் சுருங்கியிருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். குடல் காசநோய் நம் ஊரில் இன்னமும் இருப்பதால், “சாப்பிட்டபின் வயிறு உப்பிப் பிசைகிறதா, வாந்தி வருகிறதா?” என்று கேட்காமல் கேப்ஸ்யூலைக் கையில் கொடுக்கக் கூடாது. அது வெளியேறியது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ எடுக்கவும் கூடாது. படங்கள் இடுப்புப் பட்டையில் உள்ள பெட்டியில்தான் பதிவாகின்றன. அதனால் கேப்ஸ்யூலைக் கழுவித் துடைத்து டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டுவந்திருக்கிறார்கள்.

நகப்பூச்சு

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி தடுமாறும். அழித்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவசரப்படுவது

மயக்கம் தெளிந்து பேச ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் நோயாளியிடமே சொல்லிவிடுகிறார்கள். அவர் தலையாட்டுவார், வீட்டுக்குப் போனால் ஒன்றும் நினைவிருக்காது. கூட வந்தவரிடம் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது. உள்ளே செலுத்திய வாயுவால் வயிறு உப்பியிருந்தால் கொஞ்சம் நடக்கலாம். பாலிப் எடுத்திருந்தால் 2 வாரம் வரைகூட இரத்தம் கசியலாம். வயிறு கல்லாக இறுகினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் கட்டியாகப் போனாலோ, காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே கிளம்பி வர வேண்டும். சீட்டில் எழுதும் தொலைபேசி எண் இரவில் எடுக்கப்படும் எண்தானா என்று ஒருமுறை நீங்களே அழைத்துப் பார்த்துவிடுங்கள்.