சாஃப்ட்பால் அம்பயரிடம் எதை, எப்போது, எப்படிக் கேட்பது? புது கோச்சுகளுக்கு ஒரு செய்முறை

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் நம்ம பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா அம்மாக்களுக்கு இது ஒருநாள் நடக்கும். பி.டி. சார் வர முடியாத அன்று லைன்-அப் சீட்டை (ஆடுகிறவர்களின் பெயரும் பேட்டிங் வரிசையும் எழுதிய தாள்) கையில் கொடுத்து, "இன்னிக்கு மட்டும் நீங்க நில்லுங்க" என்பார்கள். நானும் அப்படி நின்றவள்தான். பேட்டிங் ஆர்டர் எழுத ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அம்பயரிடம் பேசப் பழகத்தான் இரண்டு வருஷம் ஆனது. அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கே இரண்டு குழப்பம் வரும். ஒன்று, பிள்ளைகள் ஆட்டத்தில் டிஆர்எஸ் எதுவும் கிடையாது. இன்னொன்று, கோச் களத்துக்குள் வந்து அம்பயரிடம் பேச இந்த ஆட்டம் இடம் கொடுக்கிறது. எதைப் பற்றிப் பேசலாம் என்பதற்குத்தான் எல்லை உண்டு.

முதல் படி: ஆட்டம் தொடங்கும் முன்பே கேளுங்கள்

அம்பயர் இரண்டு கோச்சுகளையும் ஹோம் பிளேட் (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) பக்கம் கூப்பிடுவார். பலர் சீட்டைக் கொடுத்து, கை குலுக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மும்பை மைதானத்தில் அப்படி வரவே கூடாது. நம்முடைய லெஃப்ட் ஃபீல்டருக்குப் பக்கத்திலேயே வேறொரு கிரிக்கெட் மேட்சின் ஃபீல்டர் நின்றுகொண்டிருப்பார். பிட்சை மூடுகிற தார்ப்பாயைச் சுருட்டி ஓரத்தில் போட்டிருப்பார்கள். "சர், பந்து அந்தத் தார்ப்பாய்க்கு அடியில போனா எத்தனை பேஸ்? அவங்க பந்து உள்ள உருண்டு வந்தா என்ன செய்வீங்க?" என்று கையை நீட்டிக் காட்டியே கேளுங்கள். ரன்னருக்கு எத்தனை பேஸ் (ஓடிச் சேர வேண்டிய இடம்) கொடுப்பது என்பது போன்ற, அந்த மைதானத்துக்கான விதியை அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

நேர வரம்பு உண்டா, எத்தனை ரன் வித்தியாசத்தில் ஆட்டத்தை முடிப்பார்கள், புரொட்டஸ்ட் (விதியைத் தவறாகப் பொருத்தினார் என்று முறைப்படி ஆட்சேபிப்பது) ஏற்பார்களா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசம்பரில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். முழு ஆட்டம் 7 இன்னிங்ஸ் என்றாலும், வழக்கமான விதிப்படி 5 முடிந்திருந்தால் நிறுத்திய ஆட்டமும் செல்லும். எப்போது நிறுத்துவது என்பது அம்பயர் கையில்.

இரண்டாம் படி: டைம் கேட்கும் நேரம்

கோச் "டைம்" என்று கத்தியதும் ஆட்டம் நின்றுவிடாது. அம்பயர் கையைத் தூக்கி "டைம்" என்று சொன்னால்தான் நிற்கும். பிட்சர் வீசத் தொடங்கிய பிறகு அவர் அதைக் கொடுக்கக் கூடாது. பந்தும் ரன்னர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

இது எனக்குப் புரிந்த விதம் வேதனையானது. எங்கள் பெண் இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடும்போது ஷூ கழன்றுவிட்டது. பந்து இன்னும் அவுட்ஃபீல்டில் உருண்டுகொண்டிருந்தது. நான் "டைம் சர், டைம்!" என்று கத்தினேன். அம்பயர் அசையவில்லை. ஆனால் என் குரலை நம்பி அவள் நின்றுவிட்டாள். எதிரணி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பந்தோடு ஓடிவந்து தொட்டாள் (இதுதான் டேக்), அவுட். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸோடு வந்து, "அக்கா, நீங்கதானே நிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள். அம்பயர் செய்தது சரி. தவறு என்னுடையது.

எனவே பந்து பிட்சர் கைக்குத் திரும்பி, ரன்னர்கள் பேஸில் நிற்கும் வரை பொறுங்கள். பிறகு அம்பயர் பார்க்கும்படி கையைத் தூக்கி, அவர் கொடுத்த பிறகு உள்ளே போங்கள்.

பிள்ளைக்கு அடிபட்டால்? சாதாரண அடி என்றால் அந்தப் பந்துக்கான ஓட்டமெல்லாம் முடியும் வரை அம்பயர் காத்திருப்பார். பலமான அடி என்று அவருக்குத் தோன்றினால் உடனே நிறுத்தலாம். ரன்னர்கள் எந்த பேஸ் வரை போயிருப்பார்கள் என்றும் அவரே தீர்மானித்துக் கொடுப்பார். உங்கள் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "சர், தலையில அடி!" என்று எங்கே அடி என்பதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் முடிவெடுக்க அந்த ஒரு சொல் வேண்டும்.

மூன்றாம் படி: கண்ணா, விதியா?

இந்தப் பதிவில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். அம்பயர் சொல்வதில் ஒரு பகுதி அவர் கண்ணால் பார்த்தது: பாலா ஸ்ட்ரைக்கா (வீசிய பந்து அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா), ஃபேரா ஃபவுலா (அடித்த பந்து கோட்டுக்குள் இருந்ததா), சேஃபா அவுட்டா. இதில் அவர் பார்த்ததுதான் முடிவு. புரொட்டஸ்ட் செய்ய முடியாது. இன்னொரு பகுதி, பார்த்ததற்கு எந்த விதியைப் பொருத்தினார் என்பது. இங்கே நீங்கள் கேட்கலாம்.

ஒரு உதாரணம். ஒரு அவுட், முதல் பேஸில் ரன்னர். மூன்றாவது ஸ்ட்ரைக்கை, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் தவறவிடுகிறாள். பேட்டர் ஓடிப்போய் முதல் பேஸில் நிற்க, அம்பயரும் விட்டுவிடுகிறார். இரண்டு அவுட் ஆகாத நிலையில் முதல் பேஸில் ஆள் இருந்தால் அந்த பேட்டர் அவுட். இதில் யார் கண்ணையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டைம் கேட்டு அருகில் போய், "சர், ஒரு அவுட்தான், ஃபர்ஸ்ட் பேஸ்ல ஆள் இருந்தாங்க. பேட்டர் அவுட் இல்லையா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் அடுத்த பந்து வீசும் முன் புரொட்டஸ்ட் என்று சொல்ல வேண்டும். இன்னிங்ஸ், அவுட், ஸ்கோர், எந்த பேஸில் யார் என்பதை ஸ்கோர் புக்கில் உடனே எழுதிவையுங்கள். அடுத்த பந்து போய்விட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் நேரம் கடந்துவிட்டது.

பால்-ஸ்ட்ரைக்குக்காக மட்டும் உள்ளே போகாதீர்கள், வெளியே அனுப்பிவிடலாம். உயரம் அதிகமா, வெளியே போனதா என்று உங்கள் கேட்சர் திரும்பிப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டால் பல அம்பயர்கள் பதில் சொல்கிறார்கள்.

நான்காம் படி: பார்ட்னரைக் கேட்கச் சொல்வது

இரண்டு அம்பயர்கள் இருந்தால், ஒருவர் கொடுத்த முடிவை இன்னொருவர் தானாக வந்து மாற்ற முடியாது. முடிவு சொன்னவர் விரும்பினால் மற்றவரைக் கேட்கலாம். கேட்ட பிறகும் இறுதி முடிவு அவருடையதே. அதனால் நீங்கள் முடிவு சொன்னவரிடமே போக வேண்டும். நேராக அடுத்தவரிடம் போவது இருவரையுமே அவமதிப்பது.

என்ன கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். "தப்பா குடுத்துட்டீங்க, அவரைக் கேளுங்க" என்றால் அவர் ஏன் கேட்பார்? "சர், டேக் போடும்போது பந்து கிளவுலேர்ந்து நழுவின மாதிரி இருந்துச்சு. நீங்க நின்ன பக்கம் அவ முதுகு மறைச்சிருக்கலாம். பார்ட்னரைக் கேட்க முடியுமா?" என்று சொன்னால், அவர் யோசிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. பேட்டர் பாதி சுழற்றி நிறுத்தினாளா என்ற சந்தேகத்துக்கும் இதே முறைதான். முடியாது என்றால் "சரி சர்" என்று திரும்பிவிடுங்கள். ஒரே அம்பயர் இருக்கும் ஆட்டத்தில் இந்தக் கோரிக்கைக்கே இடமில்லை.

ஐந்தாம் படி: கேட்டால்தான் கிடைக்கும் அவுட்

கிரிக்கெட்டில் அப்பீல் செய்யாமல் அம்பயர் விரல் தூக்க மாட்டார் அல்லவா? சாஃப்ட்பாலில் சில அவுட்கள் மட்டும் அப்படி. ஓடும்போது பேஸை மிதிக்காமல் போவது, கேட்ச் பிடிக்கும் முன்பே ரன்னர் கிளம்புவது, பேட்டிங் வரிசை மாறுவது எல்லாம் இதில் சேரும். அம்பயர் பார்த்திருந்தாலும் வாய் திறக்க மாட்டார். அடுத்த பந்துக்கு முன் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். பந்தை வாங்கி, அந்த பேஸை மிதித்துக்கொண்டு, எந்த ரன்னர், என்ன தவறு என்று தெளிவாக. "சர், மூணாவது பேஸ் ரன்னர் கேட்சுக்கு முன்னாடியே கிளம்பிட்டா." இந்த வாக்கியத்தை ஹிந்தியிலும் மராத்தியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் பெண்கள் பலருக்கு ஆட்டம் தெரிகிறது, அந்த நேரத்தில் வார்த்தை வருவதில்லை.

டைம் வாங்கி உங்கள் பிள்ளைகளோடு பேசப் போகும் எண்ணிக்கையையும் கவனியுங்கள். வழக்கமாகத் தடுக்கும் அணிக்கு ஆட்டத்துக்கு மூன்று முறை, பேட் செய்யும் அணிக்கு இன்னிங்ஸுக்கு ஒன்று. தடுக்கும் அணி அதற்கு மேல் போனால் பிட்சரை மாற்ற வேண்டிவரும். பிட்சரை மாற்றவே உள்ளே போனால் அது கணக்கில் சேராது.

பயிற்சியில் செய்ய வேண்டியது

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு பெண்ணை அம்பயராக நிறுத்துகிறோம். மற்றவர்கள் இங்கே சொன்ன முறையில்தான் அவளிடம் கேட்க வேண்டும். போன மாதம் இரண்டாவது பேஸில் டேக். இரண்டு பக்கமும் கத்தினார்கள். பன்னிரண்டு வயது அம்பயர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் நின்ன இடத்துலேர்ந்து கிளவ் தெரியல" என்றாள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எங்கே நின்றால் கிளவும் பேஸும் சேர்ந்து தெரியும் என்று எல்லோரும் அந்த மண்ணில் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தோம்.