விரல் மூட்டு எங்கே உருவாகும்? பைத்தானில் ஒரு சிறிய மாதிரி

மதுரையில் கோழிக்கடைக்குப் போனால் ஒரு காலைக் கேட்டு வாங்குங்கள். விரல்களைத் தோலுரித்து, நக எலும்பையும் சேர்த்து எண்ணினால் பின்விரலில் இரண்டு எலும்புகள். மற்றவற்றில் வரிசையாக மூன்று, நான்கு, ஐந்து. கருவில் ஒவ்வொரு விரலும் முதலில் முறிவில்லாத குருத்தெலும்புக் கம்பிதான். ஜிடிஎஃப்5 மரபணு குறுக்குப் பட்டையாக வெளிப்படும் இடத்தில் பின்னர் மூட்டு அமைகிறது. அந்தப் பட்டைகளைக் கணக்கில் வரவழைக்க, 1952-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் முன்வைத்த வினை-பரவல் கருத்து போதும்: ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி வெவ்வேறு வேகத்தில் பரவும் இரு பொருள்கள் தாமாகவே பட்டைகளை உண்டாக்கும்.

படி 1: ஷ்நாக்கன்பெர்க் சமன்பாடுகள், வினை-பரவலுக்கான ஓர் எளிய மாதிரி. 'த' தூண்டி, 'ம' அது தின்னும் மூலப்பொருள். 'பரவல்' என்பது அந்தந்தப் பொருள் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பரவுவதால் வரும் மாற்றம்.

த-வின் மாற்றம் = 0.1 − த + த²ம + பரவல்
ம-வின் மாற்றம் = 0.9 − த²ம + 40 × பரவல்

இவை எந்த நிஜ மூலக்கூறையும் குறிக்கவில்லை. 'த' உச்சம் தொடும் இடத்தை மூட்டு என்று கொள்கிறோம். ம வேகமாகப் பரவ வேண்டும். இந்த எண்களுக்கு 40-ஐ 8-ஆகக் குறைத்தால் பட்டையே வராது.

படி 2: நீளம் 10, புள்ளி இடைவெளி 0.5, இரு முனையும் அடைப்பு (எதுவும் வெளியே கசியாது). த = 1, ம = 0.9 என்று தொடங்கிச் சிறிது இரைச்சல் (தற்செயலான சிறு ஏற்ற இறக்கம்) சேருங்கள். நம்பை (NumPy, பைத்தானின் எண்கணித நூலகம்) மட்டும் போதும். ஆயத்த மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வளையத்தை (loop) நீங்களே எழுதினால்தான் உள்ளே நடப்பது புரியும்.

படி 3: வளர்ச்சி. மாதிரியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான் நெடுநேரம் நின்றதும் இங்கேதான். கம்பி முழுவதையும் சீராக இழுத்து நீட்டினால், இருக்கும் உச்சங்கள் பிளந்து இரட்டிக்கும். கோழி விரல் அப்படி வளர்வதில்லை. மூட்டுகள் அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக வருகின்றன. ஆகவே நுனியில் மட்டும் புள்ளி சேருங்கள்: 1000 காலப்படிக்கு (வளையத்தின் 1000 சுற்றுக்கு) ஒன்று, மதிப்பு கடைசிப் புள்ளியின் நகல். இப்போது புது உச்சங்கள் நுனிப்பக்கமே முளைக்கும். வளர்ச்சியை எப்போது நிறுத்துகிறீர்களோ அதைப் பொறுத்தே மூட்டுகளின் எண்ணிக்கை.

ஒரு காலப்படியின் அளவு 0.002.

பின்சேர்க்கை: திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர், இடைவெளியை 0.25 ஆக்கியதும் எண்கள் வெடித்துவிடுவதாக எழுதியிருந்தார். காலப்படி, இடைவெளியின் வர்க்கத்தை 80-ஆல் வகுத்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். 0.0005 வையுங்கள், சரியாகும். கோடு தட்டையாகவே இருக்கிறது என்பவர்கள் இரைச்சலைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாமல் எத்தனை நேரம் ஓட்டினாலும் பட்டை வராது.