இரும்பின் சத்தத்தை அணைக்காதீர்கள்: மெட்டல் டிடெக்டர் பழகும் விதம்

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் காரியம், டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் சத்தத்தை வடிகட்டும் அமைப்பை) ஏற்றி வைத்து இரும்பின் சத்தமே காதில் விழாமல் பண்ணுவது. நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அதைத்தான் முதலில் இறக்கச் சொல்வேன். இரும்புக்குக் கனத்த டோன், மற்றதற்கு உயர்ந்த டோன் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் கேளுங்கள். துருப்பிடித்த ஆணி, வடிகட்டியைத் தாண்டிக்கொண்டு அவ்வப்போது காசு மாதிரி ‘கீச்’ என்று கத்தும். அதற்கு முன்னும் பின்னும் வரும் ‘டுர்ர்’ காதில் விழுந்தால்தான் கத்தியது ஆணி என்று புரியும். அந்த உறுமலை அணைத்துவிட்டால் கீச் மட்டும் மிஞ்சும். நீங்களும் மண்வெட்டியை எடுத்துவிடுவீர்கள்.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கருவியின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் கம்பிச் சுருள்தான் காயில். அது, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அதில் சிக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் திரையில் எண் விழுகிறது. கெட்டியான வெள்ளி, செம்பு எல்லாம் மேல் எண்கள். அலுமினியத் தாளும் மெல்லிய தங்க மோதிரமும் அதற்குக் கீழே. இரும்பு அடிமட்டம். ஆனால் இரும்புக்கு இரட்டைக் குணம்: அது காந்தத்துக்கும் இழுபடும், மின்சாரத்தையும் கடத்தும். நீளமான ஆணியில் காந்தக் குணம் ஓங்கி நிற்பதால் எண் அடியில் விழும். வாஷர், வளையம், சோடா மூடி, தட்டையான தகரம் ஆகியவற்றிலோ மின்னோட்டம் வட்டமடிக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. அவை நல்ல காசின் எண்ணைக் கூசாமல் காட்டும். எண்ணை மட்டும் பார்த்துத் தோண்டுகிறவர் பை நிறைய மூடிதான் சேர்ப்பார்.

வெளியே கிளம்பும் முன் ஒரு நேர் ஆணி, ஒரு வளைந்த ஆணி, வாஷர், சோடா மூடி, அலுமினிய கேன் வளையம், ஒரு வெள்ளி மோதிரம், ஒரு செம்புக் காசு இவ்வளவையும் எடுத்துக்கொண்டு, உலோகம் இல்லாத வெறும் தரையில் தள்ளித் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், தளத்துக்குள் கம்பி, சுவருக்குள் வயர், கட்டிலில் இரும்பு. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டை அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் செய்த கருவியால் தேடினார், கிடைக்கவில்லை. மெத்தையின் எஃகு ஸ்பிரிங்குகளும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். பெல்லுக்கே அந்த நிலை. ஹெட்போனை மாட்டி, திரையைப் பார்க்காமல் ஒவ்வொன்றின் மேலும் காயிலை ஓட்டுங்கள். எது என்று காதே சொல்லும் வரை இதைச் செய்யலாம்.

களத்தில் முதல் வேலை கிரவுண்ட் பேலன்ஸ். காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, மண்ணால் வரும் சத்தம் ஒரே சீராக அடங்கும் வரை சரிசெய்யுங்கள். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. கருமணலிலும் மின்கம்பிகளுக்கு அடியிலும் அது இரைச்சலைத்தான் கூட்டும். கருவி தானாகப் பிதற்றாத அளவுக்கு இறக்கிவிடுங்கள். காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, போன தடத்தின் பாதியை மறுபடி மூடுகிற மாதிரி வீசுங்கள். வீச்சின் இரு முனைகளிலும் கை தானாக மேலே போகும். அங்கேதான் நல்ல பொருட்கள் தப்பும்.

சத்தம் வந்ததா? உடனே குனியாதீர்கள். வலமிருந்து இடம், இடமிருந்து வலம் இரண்டிலும் ஒரே டோன் வருகிறதா பாருங்கள். பிறகு அதே புள்ளியைச் சுற்றி கால் வட்டம் நடந்து, குறுக்குவாட்டில் வீசுங்கள். வளைந்த ஆணியின் குட்டு இங்கேதான் உடையும்: முதல் திசையில் ‘கீச்’ என்றது, இப்போது ‘டுர்ர்’ என்று அறுந்து அறுந்து வரும், இல்லை சத்தமே இருக்காது. படுத்த காசுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். சந்தேகம் போகவில்லை என்றால், பொருள் சரியாக எங்கே இருக்கிறது என்று காட்டும் பின்பாயிண்ட் பட்டனை அழுத்துங்கள். டோன் கேட்ட இடமும் பின்பாயிண்ட் காட்டும் இடமும் நான்கு விரல் விலகினால், பெரும்பாலும் ஆணியின் முனைதான் கத்தியிருக்கிறது. காயிலை ஒன்றரைச் சாண் தூக்கியும் சத்தம் குறையவில்லையா? கீழே குழாயோ கலப்பைத் துண்டோ இருக்கும்; காசின் சத்தம் அந்த உயரத்துக்குத் தாங்காது.

சோடா மூடி இந்தச் சோதனைகளில் பாதியைத் தாண்டிவிடும், வட்டமாக இருக்கிறதே. அதற்கு டபுள் டி காயில் (உள்ளே D வடிவில் இரண்டு சுருள்கள் கொண்டது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பொருளின் மேல் காயிலைச் சின்னதாக ஆட்டிக்கொண்டே உங்களை நோக்கி இழுங்கள். காயிலின் நுனியை விட்டு விலகும் வரை காசு ஒரே குரலில் இருந்து சட்டென்று நின்றுவிடும். மூடி என்றால் நுனிக்கு வரும்போது குரல் உடைந்து இரும்பு உறுமலுக்கு இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

ஆணி மண்டிக் கிடக்கும் இடத்தைப் பலர் திட்டிவிட்டுப் போவார்கள். நான் அங்கேதான் சிறிய காயிலை மாட்டுவேன். பெரிய காயிலுக்கு அடியில் மூன்று ஆணியும் ஒரு காசும் ஒரே சமயத்தில் வந்தால் காசின் குரல் அமுங்கிவிடும். காயில் சின்னதாக இருந்தால் இரண்டு ஆணிகளுக்கு நடுவே அது எட்டிப் பார்க்கும். ரெக்கவரி ஸ்பீடு (ஒரு பொருளின் சத்தம் முடிந்து அடுத்ததைக் கேட்கக் கருவி தயாராகும் வேகம்) அமைப்பு இருந்தால் அதைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

அலுமினியம் விஷயத்தில் மட்டும் தந்திரம் எதுவும் எடுபடாது. கேன் வளையமும் தங்க மோதிரமும் ஒரே எண்ணில் விழும். மோதிரம் வேண்டுமென்றால் வளையங்களையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். தொல்பொருள் சட்டம் காக்கும் இடத்தில் கருவியை எடுக்கவே வேண்டாம். குண்டு, ஷெல் போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி, காவல்துறைக்குச் சொல்லுங்கள். தோண்டும்போது புல்லோடு மண்ணை ஒரு பக்கம் மடித்துப் புரட்டுங்கள். வந்தது ஆணியாகவே இருந்தாலும் குழியை மூடும் முன் இன்னொரு தடவை காயிலை ஓட்டுங்கள். அந்த ஆணி மறைத்து வைத்திருந்தது அடியில் இருக்கலாம். எடுத்த ஆணியைப் பையில் போடுங்கள். குழியிலேயே போட்டு மூடினால் அடுத்த முறை அதையே தோண்டுவீர்கள்.