உப்புக்காற்று ஊரில் பழைய கேம் ஆட எந்தப் பெட்டி வாங்கலாம்?

கீழக்கரையில் செல்போன், டிவி சர்வீஸ் செய்கிறேன். பழைய கேம்களை மறுபடி ஆட ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களில் பலர், சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதித்த) மாமாக்கள் கொண்டுவந்த டிவி கேமில் மஞ்சள் கேசட் போட்டு ஆடி வளர்ந்தவர்கள். பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன், எந்தக் காலத்து கேம் மெஷின் வரைக்கும் வேண்டும் என்று அவர்களிடம் கேட்பேன். செலவு, கரண்ட், சூடு மூன்றும் அந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

1983இல் வந்த ஃபேமிகாம், 1988இன் மெகா டிரைவ், 1990இன் சூப்பர் ஃபேமிகாம் ஆகியவற்றை ஒரே சர்க்யூட் பலகையில் அடங்கும் இன்றைய மலிவுக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுகளே சிரமமில்லாமல் ஓட்டும். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனும் எளிதுதான். செல்போனில் இருக்கும் ஏஆர்எம் வகை சிப்புக்கென்றே பட்டைதீட்டிய எமுலேட்டர், அதாவது பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள், அதற்கு இருக்கிறது. அதே ஆண்டு வந்த சேகா சாட்டர்ன் அப்படியில்லை. உள்ளே இரண்டு பிராசஸர்கள் சேர்ந்து வேலை செய்யும். இரண்டையும் நேரம் தவறாமல் ஒத்துப்போக வைப்பதற்கே போர்டின் சக்தி போய்விடும். 1996இன் நிண்டெண்டோ 64 அதன் கிராஃபிக்ஸ் சிப்பால் தொல்லை கொடுக்கும். ஆகவே பிளேஸ்டேஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். அதைத் தாண்ட ஆசைப்பட்டால் விலையும் ஏறும், ஃபேனும் வந்து சேரும்.

வாங்குவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் நம் பக்கம் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. எமுலேட்டர்களோடு வரும் பாட்டோசெரா என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை 32 ஜிபி பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) செக்யூர் பூட்டை அணைத்துப் பாருங்கள். திரையும் கூடவே இருப்பதால் மொத்தமே 20 வாட் அளவில் முடிந்துவிடும்.

லேப்டாப் இல்லையா? சரி, ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ வாங்குங்கள். 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வந்த போர்டு. நான்கு கோர், 512 எம்பி ரேம். ஆடம்பரமான மெனு தீம்களை மட்டும் தவிர்த்தால் பிளேஸ்டேஷன் வரை நன்றாக ஓடும். விலை போடும்போது மெமரி கார்டு, அடாப்டர், மினி எச்டிஎம்ஐ கேபிள், கேம்பேட் செருக ஓடிஜி கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். அதே ராஸ்பெரி பை வரிசையின் பை 4 இன்னும் மேலே போகும். சாட்டர்னுக்குப் பிறகு சேகா கொண்டுவந்த ட்ரீம்காஸ்ட் கேம்கள்கூட ஓடும். ஆனால் அதை சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க் கேஸ் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஃபேன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரைத் தெருக்களிலிருந்து வரும் போர்டுகளைத் திறந்தால், ஃபேன் காற்றை இழுத்த பாதை முழுக்கப் பச்சை பூத்திருக்கும். காற்றில் வரும் உப்பு போர்டில் படிந்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தில் கரண்ட் கசியும், செம்பு அரிக்கும். இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி நல்ல பெட்டிதான், 6 வாட் சிப்தான். இருந்தாலும் கடல் பார்த்த வீடாக இருந்தால் அதிலும் ஃபேன் இல்லாத மாடலையே தேடுங்கள். போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) அடிப்பது நல்லது. கார்டு ஸ்லாட், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி வாய்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். ஆடாத மாதங்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள்.

அடுத்து கரண்ட். தினம் 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 100 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாத பில்லில் 18 யூனிட் சாப்பிடும். பை ஸீரோவுக்கு 3 வாட் என்று வைத்தாலும் அரை யூனிட்தான். கூட ஓடும் 40 வாட் எல்இடி டிவிக்கு 7 யூனிட் ஆகிவிடும். லேப்டாப்பை முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம். திரையோடு சேர்த்து அதற்கு 4 யூனிட்டுக்குள்தான் வரும்.

பை போர்டில் ஆடும்போது திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் அடாப்டரோ மெலிந்த கேபிளோதான் காரணம். கேமைக் குறை சொல்லாதீர்கள். திடீர் கரண்ட் கட்டில் மெமரி கார்டு கெட்டுப்போவது இங்கே சகஜம். எல்லாம் அமைத்து முடித்த கையோடு கார்டை அப்படியே கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வையுங்கள்.

2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி இன்னும் ஓடுகிறதென்றால், அதில் இந்தக் கேம்கள் வரும் அழகே தனி. அதற்குப் பழைய பை 3 போர்டு தேடுங்கள். அதன் ஆடியோ ஜாக்கிலேயே வீடியோவும் வரும். ஏவி கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. பை போர்டில் வீடியோ வருவது ஜாக்கில் செருகும் பின்னின் அடிப்பகுதி வளையத்தில்; பல கேம்கோடர் கேபிள்களில் வரிசை வேறாக இருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். செட்டிங்கில் நம் ஊர் டிவிகளின் கலர் முறையான பால் (PAL) முறையைத் தேர்ந்தெடுங்கள்; அமெரிக்க, ஜப்பான் முறையான என்டிஎஸ்சியில் விட்டால் பால் மட்டுமே தெரிந்த டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்.