மூன்று சக்கர வண்டிக்குப் பின் ஷாக் செட் செய்த கதை

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஓடும் வண்டி இது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்பக்கம் மாருதி 800-இன் ஹப்பும் ஸ்ட்ரட்டும், இன்ஜின் பழைய பல்சர் 180. பின்னால் நானே பற்றவைத்த ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் கை), அதன் இரண்டு பக்கமும் பல்சர் ஷாக், அதாவது ஸ்பிரிங் மாட்டிய ஷாக் அப்சார்பர். அமைப்பு ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தில் மோர்கன் 1910-லேயே மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து இப்படி ஒன்றைச் செய்து காட்டிவிட்டார். வீட்டில் கட்டியதற்குப் பதிவு கிடைக்காது என்பதால் என் வண்டி வேலியைத் தாண்டுவதில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கிணற்று மேட்டில் திரும்பும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின் ஷாக் மெத்தென்று இருப்பதால்தான் சாய்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஸ்பிரிங்கை அடியிலிருந்து அழுத்தும் அட்ஜஸ்டரை ஐந்தாம் படியில் வைத்தேன். போதவில்லை. பைப்பில் 12 மி.மீ. வளையம் வெட்டி ஸ்பிரிங்குக்கு அடியில் போட்டேன். சாய்வு அப்படியே இருந்தது. புதிதாக வந்தது ஒன்றுதான்: தென்னை வேரில் ஏறினால் பின்சக்கரம் தூக்கி அடித்தது, முதுகு கழன்றது.

லேத் பட்டறைத் தம்பி வந்து பார்த்துச் சிரித்தார். "ஏனுங்கண்ணா, ஒத்தச் சக்கரம் எப்படிங்க பக்கவாட்டுல தாங்கும்?" இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு, அதே நீளத்துக்குக் கருவேலங்கட்டை வெட்டி அந்த இடத்தில் போல்ட் போட்டார். பின்பக்கம் இப்போது துளியும் அசையாது. பிறகு சீட்டுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளச் சொன்னார். ஷாக் இருந்தபோது எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவும் சாய்ந்தது!

நடுவில் இருக்கும் ஒற்றைச் சக்கரம் ஆணி மாதிரி. அதன் மேல் வண்டி இரண்டு பக்கமும் ஆடலாம். சாய்வைத் தடுக்கும் வேலை முழுக்க முன் இரண்டு சக்கரத்துடையது. அதற்கு முன்பக்க ஸ்பிரிங்கையோ, இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பியையோ பாருங்கள். பின் ஷாக்கை வைத்துச் சரிசெய்யக்கூடியவை வேறு: மேடுபள்ளம், முன்னும் பின்னும் ஆடுவது, பின்பக்க உயரம்.

சரி, அளவுக்கு வருவோம். கொப்பரைக் களத்தில் எடை மெஷின் இருந்தால் அதில் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றுங்கள். முன்சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். என் வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பின்னால் 150 கிலோ, நான் மட்டும் என்றால் 122. இதில் சக்கரம், ஹப், ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மில் பாதி என 28 கிலோ ஸ்பிரிங்கின் மேல் உட்காருவதில்லை. அதைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து, ஜாக் போட்டுப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆக்ஸில் நடுவிலிருந்து நேர்மேலே பாடியில் ஒரு குறி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் விட்டு, ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி அளங்கள். ஒரு முறை பின்பக்கத்தை அழுத்தி மெல்ல விட்டு அளக்க வேண்டும், இன்னொரு முறை தூக்கி மெல்ல விட்டு அளக்க வேண்டும். மூட்டுகளில் இருக்கும் புஷ் உராய்வால் இரண்டும் ஒன்றாக வராது, சராசரி எடுங்கள். தொங்கிய அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி "உட்காரும்" அளவு. சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்தான் ஓட்டம். மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உட்கார வேண்டும். என் வண்டியில் சக்கர ஓட்டம் 107 மி.மீ., உட்கார்ந்தது வெறும் 7. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமே இல்லை. இழுவை முழுக்க அந்த ஒரு சக்கரத்தில் என்பதால், அது தரையை விட்டதும் இன்ஜின் மட்டும் வீறிட்டது.

அட்ஜஸ்டரைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஆகாது. உயரம்தான் மாறும். கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, இவைதான் கடினத்தைத் தீர்மானிக்கும். கம்பி பத்து சதவீதம் தடித்தாலே ஸ்பிரிங் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கடினமாகிவிடும்.

கடினத்தை அளக்க ஒரு சிமென்ட் மூட்டை போதும், 50 கிலோ. ஆட்கள் உட்கார்ந்த நிலையில் மூட்டையை ஆக்ஸிலுக்கு நேர்மேலே வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். என்னுடையது 25 மி.மீ. இறங்கியது. மில்லிமீட்டருக்கு 2 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்த 150-இல் 28 போக ஸ்பிரிங் மேல் உட்காரும் 122 கிலோவை 2-ஆல் வகுத்தால் 61. அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால் நொடிக்கு இரண்டு ஆட்டம் சொச்சம் வரும். தார்ச் சாலைக்கு ஓடும், தோப்புக்குக் கடினம்.

புது ஸ்பிரிங் வாங்காமலே இதைக் குறைக்கலாம், ஷாக்கைச் சாய்த்தால் போதும். ஸ்விங் ஆர்ம் ஆடும் மூட்டான பிவட்டிலிருந்து ஆக்ஸில் 500 மி.மீ., ஷாக்கின் கீழ் போல்ட் 350 மி.மீ. தூரம். 350-ஐ 500-ஆல் வகுத்தால் 0.7, அதை அதனாலேயே பெருக்கினால் 0.49. நிமிர்ந்து நிற்கும் ஷாக்கின் கடினத்தில் பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. 30 டிகிரி சாய்த்தால் அதிலும் கால் பங்கு போய்விடும்.

அதற்காகச் சேசிஸில் 8 மி.மீ. தகடு பற்றவைத்து, 30 மி.மீ. இடைவெளியில் துளைகள் போட்டேன். முதல் தகட்டில் துளைகளை நேர்க்கோட்டில் போட்டதால் ஷாக்கைச் சாய்க்கச் சாய்க்கப் பின்பக்கமும் இறங்கியது. தகடு குப்பைக்குப் போயிற்று. சக்கரம் தொங்கும் நிலையில் கீழ் போல்ட்டில் நூல் கட்டி, ஷாக் நீளத்துக்குச் சாக்பீஸால் வளைவு அடித்து, அந்த வளைவின் மேல் துளை போட வேண்டும். ஐந்து துளை தள்ளிப் போட்டதும் சாய்வு 27 டிகிரி. இப்போது சிமென்ட் மூட்டைக்கு 31 மி.மீ. இறங்குகிறது. அந்த 12 மி.மீ. வளையத்தை எடுத்துவிட்டேன். ஷாக்கைச் சாய்த்ததால் ஓட்டம் 120 ஆயிற்று, இரண்டு பேருக்கு 35 உட்காருகிறது.

ஓட்டம் கூடினால் டயர் 13 மி.மீ. கூடுதலாக மேலே வரும் என்பதை மறந்து, மட்கார்டைத் தேய்த்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, முழுக்க அழுத்தி, டயர் எங்கே இடிக்கிறது என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். ஸ்பிரிங் கழற்ற, அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் இறங்காதீர்கள், பல் போகும். கேஸ் டப்பா வைத்த ஷாக்கைச் சூடு காட்டவோ துளையிடவோ கூடாது.

டேம்பிங்கை, அதாவது ஷாக் ஆட்டத்தை அடக்குவதைப் பார்க்கப் பின்பக்கத்தை அழுத்திச் சட்டென விடுங்கள். ஒரே முறை மேலே வந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை குதித்தால் ஷாக்கில் எண்ணெய் போய்விட்டது, மாற்றுங்கள்.

அப்புறம் செயின். பின் உயரம் மாறிய ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஷாக்கைக் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட், பிவட், ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை ஸ்விங் ஆர்மைத் தூக்குங்கள். செயின் அங்கேதான் மிக இறுக்கம். அங்கே 15 மி.மீ. தொய்வு இருந்தால் போதும். ஷாக் கழற்றிய கையோடு ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பைக் மாதிரி இந்த வண்டி வளைவின் உட்பக்கமாகச் சாயாது, அதனால் பக்கவாட்டுச் சுமை முழுக்கப் பிவட் புஷ் மேல் வரும். என் பழைய புஷ் ஆறு மாதத்தில் ஆட்டம் கொடுத்தது, இப்போது டேப்பர் பேரிங்.

பின் உயரம் ஸ்டியரிங்கையும் தொடும். என் வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2 மீட்டர். பின்பக்கம் 35 மி.மீ. உயர்ந்தால் முன் கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) ஒரு டிகிரி குறையும். வளையம் போட்டிருந்த நாட்களில் ஸ்டியரிங் தானாக நேராகாமல் அலைந்ததற்கும் இதுதான் காரணம்.

நான் மட்டும் ஓட்டினால் 17 மி.மீ.தான் உட்காருகிறது. அட்ஜஸ்டரை இரண்டு படி குறைத்தால் 23 வருகிறது. தேங்காய் ஏற்றும் நாட்களில் மறுபடி ஐந்தாம் படி. அதற்காகச் சி-ஸ்பேனர் எப்போதும் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.