நம்பிக்கையை அசைக்கும் கதையை இறைநம்பிக்கையாளர் வாசிப்பது எப்படி

ஆழ்ந்து வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு நாவலில், நாம் தொழும் பெயர் ஓர் இழிவான காட்சியில் வந்து நிற்கும்போது, அல்லது நம் வேண்டுதல்கள் அனைத்தையும் வீணாக்கிவிடக்கூடிய கேள்வி ஒன்றை ஒரு பாத்திரம் கேட்டுவிடும்போது, பக்கத்தைப் புரட்டும் கை நின்றுவிடுகிறது. சிலருக்கு முகம் சூடாகிறது. சிலருக்கு அழுகை வருகிறது. சிலருக்கு அன்றிரவு பிரார்த்தனையில் மனம் ஒட்டுவதில்லை. நான் இறைநம்பிக்கை உள்ளவன், கதைகளையும் விடாமல் வாசிப்பவன். இரண்டில் ஒன்றை விட்டுவிடும்படி இரு தரப்பினரும் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் விடாமல் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், புண்பட்டதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். "வெறும் கதைதானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்?" என்று கேட்பவர்கள், கதை மனத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கதைக்குள் மூழ்கியிருக்கும் வாசகர் அதில் சொல்லப்படுவதை எதிர்த்து வாதிடுவது குறைந்துவிடுகிறது என்று மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். கட்டுரையை வாசிக்கும்போது மனத்தின் வாசலில் காவலுக்கு நிற்கும் எச்சரிக்கை, கதையை வாசிக்கும்போது நம்மோடு சேர்ந்து உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே கதையிலிருந்து வரும் அடி ஆழமாகப் படுவது இயல்பு. அது உங்கள் நம்பிக்கை பலவீனமானது என்பதற்குச் சான்று ஆகாது.

அந்த முதல் சில மணி நேரத்தில் எதையும் எழுதாதீர்கள். எவருக்கும் எதையும் அனுப்பாதீர்கள். புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றினால் மூடிவையுங்கள், அது கோழைத்தனம் அன்று. எல்லாவற்றையும் வாசித்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. துக்கத்திலோ நோயிலோ இருக்கும் காலத்தில் சில புத்தகங்களைத் தள்ளிவைப்பது அறிவுடைமையும் கூட.

எது அடிபட்டது என்று பிரித்தறிதல்

மனம் சற்று அடங்கிய பிறகு, உங்களிடம் நீங்களே கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் கதை என்னிடம் எதைத் தொட்டது? என் சமயத்தைப் பற்றி ஒரு தகவலைச் சொல்லி அது என்னைக் கலங்கச் செய்ததா, நான் புனிதமாகக் கருதும் ஒன்றுக்குரிய மரியாதையைக் குலைத்ததா, அல்லது நானே என்றோ உள்ளுக்குள் கேட்டு அமுக்கிவைத்த ஒரு கேள்வியை எடுத்து என் முன் வைத்ததா? இந்த மூன்றும் வெவ்வேறு வகை. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், ஆராய்ந்து சரிபார்க்க வேண்டிய இடத்தில் கோபப்படுகிறோம், அமைதியாகச் சிந்திக்க வேண்டிய இடத்தில் வழக்குத் தொடுக்கப் பார்க்கிறோம்.

தகவல்தான் சிக்கல் என்றால் வழி எளிது, உழைப்புத்தான் கொஞ்சம் தேவை. 2003-இல் வெளிவந்த 'டா வின்சி கோட்' நாவல் பல கிறிஸ்தவர்களைக் கலங்க வைத்ததற்கு முக்கியக் காரணம், அதன் முன்பக்கத்திலேயே 'உண்மை' என்ற தலைப்பில் சில செய்திகள் அச்சிடப்பட்டிருந்ததுதான். சீயோன் மடம் என்ற இரகசிய அமைப்பு 1099-இல் தோன்றியது என்று அங்கே சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பெயரில் ஓர் அமைப்பைப் பிரான்சில் 1956-இல் பதிவு செய்தவர் பியர் பிளான்டார் என்பவர். அதன் பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை. அதே நாவலில் ஒரு பாத்திரம், இயேசு இறைவன் என்பது 325-இல் நைசியாவில் கூடிய திருச்சங்கத்தில் வாக்கெடுப்பால் முடிவானது என்றும், அதற்கு முன் அவரைச் சீடர்கள் சாதாரண மனிதராகவே கருதினார்கள் என்றும் சொல்கிறது. புதிய ஏற்பாட்டிலுள்ள பவுலின் கடிதங்களும் யோவான் நற்செய்தியும் அந்தச் சங்கத்துக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றைத் திறந்து பார்த்தாலே அந்தக் கூற்று நிற்காது. நைசியாவில் நடந்த விவாதம், குமாரன் தந்தைக்குச் சமமானவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்று அரியுஸ் என்ற குரு எழுப்பிய பிரச்சினையைப் பற்றியது. முடிவில் அறிக்கையில் கையெழுத்திட மறுத்துத் தண்டனை பெற்ற ஆயர்கள் இருவர்தாம். புதிய ஏற்பாட்டின் நூல்கள் எவை என்பதும் அங்கே தீர்மானிக்கப்படவில்லை. இன்றுள்ள 27 நூல்களையும் பட்டியலிட்டு அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதம் 367-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இப்படிச் சரிபார்க்கும்போது ஒரு நேர்மை வேண்டும். நாவல் சொன்னது தவறு என்று கண்டறிந்த மகிழ்ச்சியில், நம் சமய வரலாற்றில் கருத்து வேறுபாடே இருந்ததில்லை என்று சொல்லிவிடக் கூடாது. அரியுஸ் இருந்தார், அவரைப் பின்பற்றியவர்கள் பலர் இருந்தார்கள், சங்கம் முடிந்த பிறகும் அந்தப் பூசல் பல பத்தாண்டுகள் நீடித்தது. தவறான தகவலைத் திருத்தப் போய் நாம் இன்னொரு தவறான தகவலைச் சொன்னால், அதைப் பின்னாளில் கண்டுபிடிக்கும் இளைஞர் நம்மை மட்டுமல்ல, நாம் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

மரியாதை குலைந்ததால் வரும் வலி வேறு வகையானது. அதை ஆதாரங்களால் ஆற்ற முடியாது. சல்மான் ருஷ்தியின் 1988-ஆம் ஆண்டு நாவலில் இஸ்லாமியர்களைப் புண்படுத்திய பகுதிகள், மனநிலை சிதைந்துவரும் ஒரு பாத்திரத்தின் கனவுகளாக வருகின்றன. இது இலக்கிய வகையில் முக்கியமான செய்திதான். என்றாலும், அதைச் சொன்னதும் நம்பிக்கையாளரின் வருத்தம் நீங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தாயைப் பழிப்பது போன்ற ஒரு சொல் கனவில் வந்தாலும் நனவில் வந்தாலும் மகனின் காதில் ஒரே மாதிரிதான் விழும். இந்த வலிக்கு நான் அறிந்த ஒரே மருந்து, நேசிப்பதை மேலும் நெருங்கிப் போவது: அந்தக் காட்சி கெடுத்துக் காட்டிய வரலாற்றை அதன் மூல வடிவில் மீண்டும் வாசிப்பது, அந்தப் பெயரை வழக்கம்போல் தொழுவது. அதன் பின்னும் எதிர்ப்பைத் தெரிவிக்க விரும்பினால் தெரிவிக்கலாம். அதற்கான முறையைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி உண்மையாகவே கேள்வியாக இருக்கும்போது

மூன்றாவது வகையிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை, பாத்திரத்தின் குரலை எழுத்தாளரின் குரலாக எடுத்துக்கொள்வது. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' 1879, 1880-ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தபோது, இவான் என்ற பாத்திரம் குழந்தைகள் படும் துன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்த விலையில்தான் சொர்க்கம் கிடைக்கும் என்றால் தன் நுழைவுச் சீட்டைக் கடவுளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறான். அந்த நிகழ்ச்சிகள் கற்பனை அல்ல, செய்தித்தாள்களில் வந்தவை என்று தஸ்தயேவ்ஸ்கி தம் பதிப்பாசிரியருக்கு எழுதினார். அவரோ கிறிஸ்துவை ஆழமாக நேசித்தவர். தம் நம்பிக்கைக்கு எதிரான வாதத்தை முழு பலத்தோடு எழுதிய அவர், அதற்கான மறுமொழியை வாதமாக எழுதவில்லை. சோசிமா என்ற துறவியின் வாழ்க்கையாக அடுத்த பகுதியில் எழுதினார். அது போதுமான மறுமொழியாக இருக்குமா என்று தாமே அஞ்சுவதாகவும் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். இவான் பேசும் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டவருக்கு சோசிமா கிடைக்கவே மாட்டார். எனவே, கலங்க வைத்த பகுதிக்குப் பின் கதை எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். அந்தப் பாத்திரத்துக்கு எதிரே வேறு யாரைக் கதை நிறுத்துகிறது என்றும் பாருங்கள். சில கதைகளில் எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது கதை உண்மையாகவே உங்கள் நம்பிக்கையை மறுக்கிறது என்று தெரிந்துகொள்கிறீர்கள். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதே.

ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாகு எண்டோ சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். 1966-இல் வந்த அவருடைய 'மௌனம்' நாவலில், பதினேழாம் நூற்றாண்டின் துன்புறுத்தல் காலத்தில் ஒரு போர்த்துகீசியப் பாதிரியார், சித்திரவதைக்கு உள்ளான மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காகக் கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதிக்கிறார். மிதிக்கும்படி அந்த உருவமே தம்மிடம் சொன்னதாக அவருக்குக் கேட்கிறது. இந்த முடிவு கத்தோலிக்கர் பலரைக் கொதிக்க வைத்தது. வேறு பலருக்கோ, தங்கள் வாழ்நாளில் வாசித்தவற்றுள் கிறிஸ்துவின் இரக்கத்தை மிக நெருக்கமாகக் காட்டிய நூலாக அமைந்தது. ஒரே சமயத்தைச் சேர்ந்த, ஒரே அளவு பற்றுள்ள இருவர் ஒரே பக்கத்தை இவ்வளவு வேறுபட வாசிக்க முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல் புண்படாத சக நம்பிக்கையாளரைத் துரோகி என்று எண்ணத் தோன்றும் வேளையில் அது உதவும்.

கேள்வி இன்னும் விலகவில்லை என்றால், அதை உங்கள் சொற்களில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதே பல நேரங்களில் அது கதையின் உணர்ச்சி வேகத்திலிருந்து கழன்று, பழகிய முகத்தோடு நிற்கும். அதன் பிறகு உங்கள் திருநூலில் அதே கேள்வி எங்கே கேட்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது அங்கே இருக்கும், நாவலில் இருப்பதைவிடக் கூர்மையாகவே இருக்கும். விவிலியத்தில் யோபு தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டுக் கடவுளோடு வழக்காடுகிறார்; அவரை அடக்கப் பார்த்த நண்பர்களிடம், என்னைக் குறித்து யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று நூலின் முடிவில் கடவுள் சினங்கொள்கிறார். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. மகாபாரதத்தின் வன பர்வத்தில், அறத்தைக் காத்தவர்கள் காட்டில் அலைய, அதை மீறியவர்கள் அரண்மனையில் இருப்பதைக் காட்டி, படைத்தவனையே திரௌபதி குறை சொல்கிறாள். அது நாத்திகம் என்று யுதிஷ்டிரர் கண்டிக்கிறார், ஆனால் அவள் பேச்சைக் காவியம் நீக்கிவிடவில்லை. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இப்ராஹீம் இறைவனிடம் கேட்கிறார். நீ நம்பவில்லையா என்ற வினாவுக்கு, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி அடைய வேண்டும் என்கிறார். இந்த மறுமொழியை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

யாரிடமாவது பேச வேண்டும் என்றால், உங்கள் மரபை அறிந்தவராகவும் அந்தக் கதையை வாசித்தவராகவும் இருக்கும் ஒருவரைத் தேடுங்கள். கதையை வாசிக்காமலே தீர்ப்புச் சொல்பவர் உங்கள் கேள்விக்கு விடை சொல்லமாட்டார், தம் அச்சத்தைத்தான் சொல்வார். விடை கிடைக்கும்வரை வழிபாட்டை நிறுத்திவைக்காதீர்கள். கேள்வியோடு தொழுவது பாசாங்கு அன்று.

எதிர்ப்பைத் தெரிவிக்கும் முறை

எதிர்த்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முழு நூலையும் வாசிக்காமல், யாரோ கத்தரித்து அனுப்பிய பத்தியை வைத்துப் பேசாதீர்கள். எழுதும்போது, பக்கத்தைக் குறிப்பிடுங்கள். அந்தக் காட்சி கதையில் எங்கே, யார் வாயிலாக வருகிறது என்பதை எழுத்தாளரே ஏற்கும்படி நேர்மையாகச் சொல்லுங்கள். பிறகு அது உங்களுக்கு ஏன் வலித்தது என்பதை எழுதுங்கள். "எல்லாரையும் புண்படுத்திவிட்டது" என்பதைவிட "என்னைப் புண்படுத்தியது" என்பது உண்மையானது, வாசிப்பவர் மனத்திலும் தைக்கும். 2004-இல் கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ், திருச்சபையைக் கடுமையாகச் சாடிய நாவல் வரிசையின் ஆசிரியரான பிலிப் புல்மனோடு லண்டன் தேசிய நாடக அரங்கில் ஒரே மேடையில் அமர்ந்து உரையாடினார். தம் நம்பிக்கையில் எதையும் விட்டுக்கொடுக்காமல், எதிராளியின் கதையைக் கூர்ந்து வாசித்திருந்ததைக் காட்டியே அவர் பேசினார்.

தடையும் வன்முறையும் நம்பிக்கையைக் காக்கவில்லை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை நான்கு நூற்றாண்டுகளாக வைத்திருந்த விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை 1966-இல் தானே கைவிட்டது. எகிப்தில் நகீப் மஹ்பூஸ் 1959-இல் அல்-அஹ்ராம் நாளேட்டில் தொடராக எழுதிய நாவல், இறைத்தூதர்களை உருவகமாகக் காட்டியதற்காக அங்கே நூலாக வெளிவராமல் நின்றது. 1967-இல் பெய்ரூத்தில் அச்சாகி உலகெங்கும் சென்றது. 1994-இல், 82 வயதில், அவர் கழுத்தில் கத்தியால் குத்தப்பட்டார். உயிர் பிழைத்தாலும் எழுதும் கையின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. ருஷ்தியின் நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்த ஹிதோஷி இகராஷி 1991-இல் கொல்லப்பட்டார். அவர் இஸ்லாமியப் பண்பாட்டைக் கற்றுப் போற்றிய அறிஞர். இறைவனின் பெயரால் நடந்த இச்செயல்களை நினைக்கும்போது, எந்த நாவலின் எந்த வரியும் தராத வேதனையை நான் அடைகிறேன். உங்களைச் சுற்றி யாரேனும் அந்தத் திசையில் பேசத் தொடங்கினால், சக நம்பிக்கையாளர் என்ற முறையில் முதலில் மறுத்துப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

வீட்டில் வளர்ந்த பிள்ளை அத்தகைய நூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டால், பிடுங்காதீர்கள்; பிடுங்கினால் அது மறைவாக வாசிக்கப்படும், அதில் எழும் கேள்விகளும் உங்களுக்கு மறைக்கப்படும். எந்தப் பக்கத்தில் உனக்கு வாசிப்பு நின்றது என்று கேளுங்கள். சொன்னதும் விளக்கத் தொடங்காமல், புத்தகத்தை ஓர் இரவு கடனாக வாங்கி, அந்தப் பக்கத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அத்தியாயங்களையும் வாசித்துவிட்டு, மறுநாள் அந்தப் பிள்ளையின் அருகில் உட்காருங்கள்.